சாட்சி ஊருக்குப் போகிறார்: வீடியோ சாட்சியத்தை எப்படி எடுப்பது?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு சிறிய சட்ட நிறுவனத்தில் இளம் வழக்கறிஞராக இருக்கிறேன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மோதிக் கால் நசுங்கிய ஒருவருக்காகக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு நடத்துகிறோம். விபத்தைக் கண்ணால் பார்த்தவர் அங்கே இரவுக் காவலராக இருக்கும் தமிழ்ப் பெரியவர். இன்னும் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுகிறார். அதற்குள் அவருடைய டெபசிஷனை, அதாவது விசாரணைக்கு முன்பே நீதிமன்றத்துக்கு வெளியே பிரமாணத்தின்பேரில் எடுக்கும் சாட்சியத்தை, நேரில் உட்காரவைத்து வீடியோவில் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ‘வீடியோகிராபரை ஏற்பாடு செய்துவிடு, மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்’ என்கிறார் மூத்த வழக்கறிஞர். ‘எதற்கு நேரில்? ஜூமில் முடித்துவிடலாமே’ என்கிறார் சக வழக்கறிஞர். எனக்குத் தமிழ் தெரியும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்கிறார்கள். அறையையும் ஆட்களையும் சாட்சியையும் எப்படித் தயார்செய்வது?

பதில்: உங்கள் மூத்தவர் சொல்வது பாதி உண்மை. கருவிகளை வீடியோகிராபர் பார்த்துக்கொள்வார். ஆனால் எந்தப் பதில் உங்கள் வழக்கின் உயிர், சாட்சி கையால் எதைக் காட்டப் போகிறார், எந்த இடத்தில் அவர் தயங்குவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியவர் நீங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான டெபசிஷன்கள் எதிர்த்தரப்பு என்ன சொல்லப் போகிறது என்று அறிந்துகொள்வதற்காக எடுக்கப்படுபவை. வழவழவென்று கேட்கலாம், வலையை அகலமாக வீசலாம். உங்களுடையது அந்த வகை இல்லை. கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 32(a)(4)-இன்படி, சாட்சி விசாரணை நடக்கும் இடத்திலிருந்து 100 மைலுக்கு அப்பாலோ அமெரிக்காவுக்கு வெளியேயோ இருந்தால் அவருடைய டெபசிஷனையே சாட்சியமாகப் பயன்படுத்தலாம். அதாவது, நீங்கள் எடுக்கப்போகும் வீடியோதான் சாட்சிக் கூண்டு. ஒருநாள் ஜூரி அதைப் பார்க்கும்போது தெளிவில்லாத கேள்வியைத் திருத்திக் கேட்க இயலாது. முணுமுணுத்த பதிலை உரக்கச் சொல்லச் சொல்லவும் இயலாது. அதே விதியில் ஒரு முள்ளும் உண்டு. சாட்சியத்தைப் பயன்படுத்த நினைக்கும் தரப்பே அவர் வராமல் போகக் காரணமாக இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே இரக்கப்பட்டுக்கூட அவருடைய விமான டிக்கெட்டை உங்கள் நிறுவனமோ கட்சிக்காரரோ வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

டெபசிஷன் எடுக்கப்போவதாக எதிர்த்தரப்புக்கு அனுப்பும் நோட்டீஸில் ஒரு வரி விட்டுப்போனாலும் சிக்கல்தான். எந்த முறையில் பதிவுசெய்யப் போகிறீர்கள் என்பதை 30(b)(3) விதிப்படி நோட்டீஸில் எழுத வேண்டும். 1993 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு நீதிமன்ற அனுமதியோ எதிர்த்தரப்பின் சம்மதமோ தேவையில்லை. சொல்லிவிட்டால் போதும், செலவு உங்களுடையது. உங்கள் சாட்சி வழக்கின் தரப்பினர் இல்லை என்பதால் 45-ஆவது விதிப்படி சப்பீனா, அதாவது வந்து சாட்சி சொல்லும்படியான ஆணை, அனுப்புவீர்கள். அதிலும் பதிவு முறையைக் குறிப்பிட்டாக வேண்டும். வீடியோ இருக்கிறதே என்று, பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத்தில் பதியும் கோர்ட் ரிப்போர்ட்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். நீதிமன்றத்தில் டெபசிஷனைக் காட்டும் தரப்பு அதன் எழுத்துப் பதிவையும் தர வேண்டும் என்கிறது 32(c). மாநில நீதிமன்ற வழக்கானால் விதிகள் வேறு. அங்கே போகும்போது அந்தந்த மாநில விதியைத் தனியாகப் படியுங்கள். கலிபோர்னியாவின் நடைமுறைச் சட்டத்தில் 2025.340 பிரிவு, அறை போதிய அளவும் வெளிச்சமும் அமைதியும் உடையதாக இருக்க வேண்டும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறது.

சக வழக்கறிஞர் சொன்ன ஜூம் விஷயம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோ தொலைவழி டெபசிஷன் செல்லும். பல சாட்சிகளுக்கு அதுவே போதும். உங்கள் சாட்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருக்கும்போது இணைய இணைப்பின் அரை நொடித் தாமதம்கூட ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சை ஏற்றிவிடும். கிடங்கின் வரைபடத்தில் பேனாவால் குறிக்கச் சொல்வது நேரில் ஒரு நிமிட வேலை. திரையில் ஒரு போராட்டம். மேலும், திரைக்கு வெளியே யாரோ நின்று சொல்லிக்கொடுத்தார்கள் என்ற பேச்சுக்கே நேரில் இடமில்லை. அவர் இந்த நாட்டில் இருக்கும்போது எடுப்பதுதான் முக்கியம். ஊருக்குப் போனபின் எடுப்பதானால் வெளிநாட்டில் சாட்சியம் எடுக்கும் 28(b) விதி, சர்வதேச நடைமுறைகள் என்று வேறொரு கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

இனி அறை. எல்லோரும் கேமராவைப் பற்றிக் கேட்பார்கள். நான் ஒலியைப் பற்றித்தான் பேசுவேன். படம் சற்று மங்கலாக இருந்தால் ஜூரி பொறுத்துக்கொள்ளும். பேச்சு கேட்கவில்லை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் கவனம் போய்விடும். கண்ணாடிச் சுவர் வைத்த அழகான மாநாட்டு அறையைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். கம்பளம் விரித்த, கட்டடத்தின் உட்பக்கம் இருக்கிற, லிஃப்டுக்கும் காபி இயந்திரத்துக்கும் தள்ளியிருக்கிற சாதாரண அறை போதும். முந்தைய நாள் அதே நேரத்தில் அங்கே போய், கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். குளிர்சாதனத்தின் இரைச்சல், பக்கத்து அறைச் சிரிப்பு, தெருவில் நடக்கும் வேலை எல்லாம் அப்போதுதான் காதில் விழும். நம் காது அவற்றை ஒதுக்கிவிடப் பழகியது. மைக்குக்கு அந்த நாகரிகம் கிடையாது.

சாட்சிக்கு ஒன்று, கேள்வி கேட்கும் உங்களுக்கு ஒன்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒன்று, மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்று என்று தனித்தனிக் காலர் மைக் கேளுங்கள். மேசை நடுவில் ஒரே மைக் வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லும் வீடியோகிராபரை மாற்றிவிடுங்கள். மேசை மைக்கில் பேச்சைவிடத் தாள் புரளும் சத்தமும் மோதிரம் மேசையில் தட்டும் சத்தமும்தான் உரக்க விழும். காலர் மைக்குக்கும் எதிரிகள் உண்டு: கழுத்துச் சங்கிலி, தொங்கும் அடையாள அட்டை, கோட்டுக்குள் அதிரும் கைபேசி. கைபேசிகளை அறைக்கு வெளியே வைத்துவிடுவது நல்லது. கசங்கிச் சத்தமிடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வையுங்கள். வீடியோகிராபர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுநேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்; அதே ஒலி கோர்ட் ரிப்போர்ட்டருக்கும் போக வேண்டும். இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்பதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஒலி சரியென்றால் கேமரா எளிது. லென்ஸ் சாட்சியின் கண் உயரத்தில், உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்போது உங்களைப் பார்த்துப் பேசும் சாட்சி ஜூரியைப் பார்த்துப் பேசுவது போலிருக்கும். ஜன்னலுக்கு முன்னால் அவரை உட்காரவைத்தால் முகம் கரிய நிழலாகிவிடும். பின்னணிக்குச் சாம்பல் நிறத் துணி போதும். சட்டப் புத்தக அலமாரி வேண்டாம், நிறுவனத்தின் பெயர்ப்பலகை வேண்டவே வேண்டாம். வழக்கமாகத் தலையிலிருந்து மார்பு வரை எடுப்பார்கள். உங்கள் காவலர் ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கமிருந்து திரும்பியது என்று கையால்தான் காட்டப் போகிறார் என்றால், கைகளும் தெரியும்படி சற்று அகலமாக எடுக்கச் சொல்லுங்கள். தொடங்கியபின் அளவை மாற்றக் கூடாது. முக்கியமான பதிலின்போது மெல்ல முகத்துக்கு அருகே போவதெல்லாம் சினிமாவோடு நிற்கட்டும். சாட்சியின் தோற்றத்தையோ நடத்தையையோ பதிவு உத்தியால் திரித்துக் காட்டக் கூடாது என்று 30(b)(5)(B) வெளிப்படையாகவே தடுக்கிறது.

நாற்காலி சுழலாததாக, சாயாததாக இருக்க வேண்டும். இது அற்ப விஷயமாகத் தோன்றினால் மைக்ரோசாஃப்ட் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோகத் தடுப்பு வழக்கில் 1998 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக பில் கேட்ஸின் டெபசிஷனை வீடியோவில் எடுத்தார்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் கேள்வி கேட்டார். சாதாரணச் சொற்களுக்குக்கூட என்ன பொருள் என்று கேட்ஸ் வாதாடியதும், நீண்ட நேரம் மௌனமாக இருந்ததும், உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ஆடியதும் அப்படியே பதிவாயின. அந்தத் துண்டுகளை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டியபோது நீதிபதியே சிரித்தார். எழுத்துப் பதிவில் மௌனத்துக்கு இடமே கிடையாது. கேள்விக்கு அடுத்த வரியில் பதில் வந்துவிடும். வீடியோவில் ஒவ்வொரு மௌனத்துக்கும் ஒரு நீளம் உண்டு. அந்த நீளத்தைப் பார்ப்பவர் தன் போக்கில் பொருள்கொள்வார்.

உங்கள் சாட்சிக்கு இது வேறுவிதமாகப் பொருந்தும். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பார். காரணம் தெரியாதவர் அதைத் தயக்கம் என்று நினைக்கக்கூடும். தொடக்கத்திலேயே மூன்று கேள்விகளில் அதைத் தீர்த்துவிடுங்கள்: அவர் தாய்மொழி என்ன, ஆங்கிலம் எவ்வளவு புரியும், மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருந்து பதில் சொல்வாரா. இந்தப் பகுதியை ஜூரிக்குக் காட்டும் துண்டுகளில் முதலாவதாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். உங்களுக்குத் தமிழ் தெரிவது இங்கே வசதியைவிட ஆபத்துத்தான். சாட்சி தமிழில் சொல்லி முடித்ததும் உங்களுக்குப் புரிந்துவிடும். தலையாட்டிவிடுவீர்கள், அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவீர்கள். ஆங்கிலப் பதில் அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும். இரண்டும் மோதி இரண்டும் கெடும். ஆங்கிலத்தில் மட்டும் கேளுங்கள். ஆங்கிலப் பதில் முழுதாக முடிந்து ஒரு மூச்சு விட்டபின் அடுத்ததற்குப் போங்கள். மொழிபெயர்ப்பு தவறு என்று பட்டால் நீங்களாகத் தமிழில் திருத்தாதீர்கள். பதிவில் இருக்கும்போதே ஆங்கிலத்தில் கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேளுங்கள், அல்லது இன்ன சொல்லை மறுபடி பார்க்கும்படி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் பிரமாணம் எடுத்துக்கொண்டுதான் உட்காருவார். சாட்சி ‘நான் பார்த்தேன்’ என்றால் அவரும் ‘நான் பார்த்தேன்’ என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ‘பார்த்ததாக இவர் சொல்கிறார்’ என்று கதை சொல்லக் கூடாது. பெரியவரின் வட்டாரப் பேச்சு அவருக்குப் பிடிபடுகிறதா என்று தொடங்கும் முன், எதிர்த்தரப்பும் இருக்கும்போதே, வழக்கைத் தொடாத நாலு வார்த்தை பேசவிட்டுப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளரை எங்கே உட்காரவைப்பது என்பதில் ஆளுக்கொரு பழக்கம் உண்டு. சாட்சியின் பக்கத்தில் நாற்காலி போடுவதுதான் வழக்கம். அப்படிப் போட்டால் சாட்சி அவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசுவார்; நாள் முழுதும் ஜூரிக்குக் கிடைப்பது ஒரு காதும் பாதி முகமும். உங்கள் பக்கத்திலேயே, கேமராவை ஒட்டி மொழிபெயர்ப்பாளரை உட்காரவைக்கச் சொல்வேன். சாட்சி யாரைப் பார்த்தாலும் முகம் லென்ஸை நோக்கியே இருக்கும். பெரியவருக்குக் காது சற்று மந்தம் என்றால் மட்டும் பக்கத்தில் போடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தலையசைப்பு ஒன்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ‘ஆமாம்’ என்று சொல்லிக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டுவோம். அமெரிக்க ஜூரி கண்ணுக்கு அது ‘இல்லை’. எழுத்துப் பதிவில் இது தெரியவே தெரியாது. வீடியோவில் மொழிபெயர்ப்பாளர் ‘ஆமாம்’ என்கிறார், சாட்சியின் தலை ‘இல்லை’ என்கிறது! வாயால் பதில் சொல்லும்படி தயார்செய்யும்போதே சொல்லிவைக்கலாம். ஆனால் எழுபது வருடப் பழக்கத்தை ஒரு காலையில் மாற்ற முயன்றால் மனிதர் பொம்மை போல விறைத்துப்போவார். முதல் தடவை அப்படி ஆட்டும்போதே, ‘தலையை அசைத்தீர்களே, அதற்கு என்ன பொருள்?’ என்று பதிவில் கேட்டுவிடுங்கள். ஒருமுறை விளக்கிவிட்டால் அன்று முழுவதற்கும் போதும்.

தயார்செய்வது என்றால் பதிலை மனப்பாடம் செய்யவைப்பது என்று பொருளில்லை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: அவர் உங்கள் கட்சிக்காரர் இல்லை. அவரோடு நீங்கள் பேசியதை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கலாம், அவர் சொல்லியும்விடுவார். எனவே எதிர்த்தரப்பு கேட்டால் உங்களுக்குச் சங்கடம் தராததை மட்டும் பேசுங்கள்: அறை எப்படி இருக்கும், யார் யார் இருப்பார்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம், புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். உடை விஷயத்தில், நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் அலையடிக்கும். பளிச்சென்ற வெள்ளை முகத்தை மங்கவைக்கும். வெளிர் நீலம் நல்லது. கண்ணாடி அணிபவரானால் விளக்கைச் சற்று உயர்த்தினால் பளபளப்பு போய்விடும்.

இனி உங்கள் கேள்விகள். இது நீதிமன்றத்தில் சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணை போன்றது. விடையைத் தானே எடுத்துக்கொடுக்கும் கேள்விகளைத் தவிருங்கள். ‘ஃபோர்க்லிஃப்ட் வேகமாக வந்தது, இல்லையா?’ என்று கேட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வியின் வடிவத்துக்கு ஆட்சேபம் சொல்வார். வடிவம் பற்றிய ஆட்சேபத்தை அங்கேயே சொல்லாவிட்டால் இழந்துவிடுவார் என்பதால் அவர் சும்மா இருக்க மாட்டார். பலர் அதைக் காதில் வாங்காமல் பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சாதாரண டெபசிஷனில் அது சரி. உங்களுக்கு, பின்னால் நீதிபதி அந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டால் அந்தப் பதிலே போய்விடும். சாட்சியோ கடல் கடந்து இருப்பார். ஆகவே ஒவ்வொரு ஆட்சேபத்தையும் இலவச எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, அதே கேள்வியை அப்போதே சுத்தமாகத் திருப்பிக் கேளுங்கள்: ‘ஃபோர்க்லிஃப்ட் எப்படி வந்தது?’

வீடியோவைப் பின்னால் துண்டுபோடப் போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் பதிலும் தனியாக எடுத்தாலும் புரிய வேண்டும். ‘அங்கே என்ன ஆனது?’ என்பதற்குப் பதில் ‘மூன்றாம் எண் ஏற்றுமேடையில் என்ன ஆனது?’ என்று கேளுங்கள். பதில் முடிந்ததும் ‘ஓகே’, ‘சரி’ என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். பதிலின் வாலில் உங்கள் குரல் ஒட்டிக்கொண்டால் வெட்டுவது கடினம். புகைப்படத்தையும் வரைபடத்தையும் முன்பே எண்ணிட்டு வையுங்கள். கொடுக்கும்போது எண்ணை உரக்கச் சொல்லுங்கள். சாட்சி குறியிடும்போது ‘வரைபடத்தில் கதவுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டீர்கள்’ என்று சொல்லால் பதியவையுங்கள். ஆவணத்தையும் தனிக் கேமராவில் எடுக்க முடியுமா என்று வீடியோகிராபரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெபசிஷனுக்கு ஒரு நாள், 7 மணி நேரம் என்பது 2000-ஆம் ஆண்டு வந்த வரம்பு. மொழிபெயர்ப்போடு பேசினால் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும். கூடுதல் நேரத்துக்கு எதிர்த்தரப்போடு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மறுத்தால் 30(d)(1)-இன் கீழ் நீதிமன்றத்தைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதை, அந்த வரம்பைக் கொண்டுவந்த திருத்தத்துக்கு விதிக் குழு எழுதிய குறிப்பே கூடுதல் நேரத்துக்கு ஒரு காரணமாகச் சொல்கிறது. வயதானவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவைக்காதீர்கள். களைத்த முகம் திரையில் பொய் சொல்லும் முகம் போலத் தெரியும். இடைவேளையில் நேரத்தைச் சொல்லிப் பதிவிலிருந்து வெளியேறுவதாக வீடியோகிராபர் அறிவிக்கும்வரை யாரும் அசையக் கூடாது. அறிவித்தபிறகும் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கட்சிக்காரரோடு ரகசியம் பேசுவதற்கு மைக் மாட்டிய சட்டையைப் போல மோசமான இடம் வேறில்லை.

பதிவு அதிகாரி தொடக்கத்தில் தன் பெயர், அலுவலக முகவரி, தேதி, நேரம், இடம், சாட்சியின் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் பிரமாணம் செய்துவைத்து, அறையில் இருப்பவர்களை அடையாளம் காட்ட வேண்டும். புதிய பதிவு ஊடகம் தொடங்கும்போதெல்லாம் அதிகாரியின் பெயர் முதல் சாட்சியின் பெயர் வரையிலான பகுதியைத் திரும்பச் சொல்ல வேண்டும். முடிவில் டெபசிஷன் முடிந்தது என்றும், பதிவும் சான்றாவணங்களும் யாரிடம் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். பழகியவர்கள் கடைசியில் சொல்ல வேண்டியதை மறந்து கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுண்டு; நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. எழுத்துப் பதிவோடு நொடிக்கு நொடி ஒத்திசைத்த வீடியோக் கோப்பு வேண்டும் என்று அன்றே சொல்லிவிடுங்கள். வரி எண்ணைக் கொடுத்துத் துண்டு எடுக்க அது இல்லாமல் முடியாது. அடுத்தது 30(e). எழுத்துப் பதிவைப் படித்துத் திருத்தம் சொல்ல விரும்பினால், டெபசிஷன் முடிவதற்குள் சாட்சியோ ஒரு தரப்போ கேட்க வேண்டும்; பதிவு தயார் என்று தெரிவித்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். உங்கள் சாட்சிக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். ஆகவே அவர் விமானம் ஏறுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பாகவே டெபசிஷன் தேதியை வையுங்கள். எழுத்துப் பதிவை விரைவு முறையில் தரச் சொல்லுங்கள். கட்டணம் கூடும். உங்கள் மூத்தவர் முணுமுணுத்தால் 32(a)(4)-ஐ எடுத்து அவர் மேசையில் வையுங்கள்.